கானாவுக்குக் கம்பெனிச் சட்டம் எழுதிய பேராசிரியர்

1958-ல் கானா விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. புதுக் கொடி ஏறிவிட்டது, புதுப் பணமும் அச்சாகிவிட்டது. ஆனால் அக்ராவில் ஒருவர் கம்பெனி தொடங்க வேண்டுமென்றால், கோல்டு கோஸ்ட் காலனிக்காக ஆங்கிலேயர் 1906-ல் போட்டுவைத்த சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். அந்தச் சட்டமே இங்கிலாந்தின் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நூறு வருஷப் பழைய சரக்கு. இதைத் தூக்கிவிட்டு வேறு எழுதித் தரும்படி நிக்ருமா அரசு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டது. குழு கிடையாது, ஒரு நபர் ஆணையம். அவர் பெயர் எல்.சி.பி. கோவர். நண்பர்களுக்கு ஜிம்.

சென்னையில் கம்பெனி செக்ரட்டரி வேலை பார்க்கும் என் போன்றவர்களின் மேசையில் எந்நேரமும் கிடப்பது ராமையாவின் கைடு. எந்தப் பிரிவு, எந்தப் படிவம், எத்தனை நாள் கெடு, எல்லாம் அதில் இருக்கும். ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று மனசு அரிக்கும்போது நான் எடுப்பது கோவரின் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் மாடர்ன் கம்பெனி லா’.

அண்ணன் மகள் எல்.எல்.எம். முடித்துவிட்டு, பெரிய லா ஃபர்மா, கல்லூரியா என்று யோசனையில் இருக்கிறாள். “கம்பெனி லா பாடம் எடுத்து என்ன அத்தை ஆகப்போவுது? செக்‌ஷனைப் படிச்சுக் காட்டறதுதானே?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கோவர் 1913 டிசம்பரில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்து 1937-ல் சொலிசிட்டர் ஆனார். போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தார். 1948-ல், 34 வயதில், எல்.எஸ்.இ.-யில் வணிகச் சட்டப் பேராசிரியர். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து கட்சிக்காரர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்திரம் எழுதியவருக்குத் தெரியும், ஒரு வரி குழப்பமாக இருந்தால் அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று.

வந்த இரண்டாவது வருஷமே, 1950-ல், இங்கிலாந்தில் வழக்கறிஞர்களைப் பயிற்றுவிக்கும் முறையையே கண்டித்து ‘மாடர்ன் லா ரிவ்யூ’வில் நீண்ட கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகம் ஒரு பக்கம், தொழில் அமைப்புகளின் தேர்வுகள் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருடைய கவலை. இதே கவலைதான் பின்னால் அவரை ஆப்பிரிக்கா வரை கொண்டுபோனது என்று நினைக்கிறேன்.

1954-ல் புத்தகம் வந்தது. அதற்கு முன்னால் கம்பெனிச் சட்டத்துக்கு நூல்கள் இல்லாமல் இல்லை. பால்மர் இருந்தது, பக்லி இருந்தது. ஆனால் அவை தொழில் செய்கிறவர்கள் தேவைப்படும்போது பிரித்துப் பார்க்க எழுதப்பட்டவை. கோவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும்படி எழுதினார். அரசரிடம் சாசனம் வாங்கி வியாபாரம் செய்த கம்பெனிகளில் தொடங்கி, 1720-ன் சவுத் சீ வீழ்ச்சி, அதே ஆண்டின் பபிள் சட்டம், 1844-ன் பதிவு முறை, 1855-ல் கிடைத்த வரையறுத்த பொறுப்பு என்று கதையைக் கொண்டுவந்து, 1897-ன் சாலமன் வழக்கில் நிறுத்துவார். அந்த வழியில் நடந்து வந்த மாணவனுக்குச் சாலமன் தீர்ப்பு மனப்பாடப் பகுதியாக இருக்காது. ஒரு தோல் வியாபாரி தன் கடையைத் தன் கம்பெனிக்கே விற்றார், கம்பெனி நொடித்தது, கடன்காரர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வர முடியாது என்று பிரபுக்கள் சபை சொன்னது. அந்த முடிவில் கடன் கொடுத்தவன் என்ன இழந்தான் என்பதையும் மாணவன் யோசிக்க ஆரம்பிப்பான். எதற்காக ஒரு விதி, யாருக்கு அதனால் லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டே போகும் நூல் அது. இந்தியச் சட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டங்களிலும் அது பல காலமாக இடம்பெற்றிருக்கிறது. நம்முடைய 1956 சட்டம் இங்கிலாந்தின் 1948 சட்டத்தை ஒட்டி நடந்தது என்பதால், கோவர் இங்கிலாந்துக்கு எழுதியதில் பாதிக்கு மேல் நமக்கும் பொருந்தியது.

புத்தகம் வந்த கையோடு 1954-55-ல் ஹார்வர்டுக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. இரு நாட்டுக் கம்பெனிச் சட்டங்களின் வேறுபாடுகளைப் பற்றி 1956-ல் ‘ஹார்வர்ட் லா ரிவ்யூ’வில் எழுதினார். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சட்டங்கள் எப்படித் தனித்தனியே வளர்ந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, தன் ஊர்ச் சட்டத்தில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கண் வந்துவிட்டது.

அந்தக் கண்ணோடு கானாவுக்குப் போனதுதான் இந்தக் கதையின் மையம்.

அங்கே அவர் எழுதிய சட்டத்திலிருந்து மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அல்ட்ரா வைரீஸ். கம்பெனி தன் மெமோரண்டத்தில் எழுதிய நோக்கங்களைத் தாண்டி எதையும் செய்ய முடியாது, செய்தால் அது செல்லாது என்ற கோட்பாடு. 1875-ல் ஆஷ்பரி ரயில்வே கேரேஜ் கம்பெனி வழக்கில் இது உறுதியானது. ரயில் பெட்டி செய்யும் கம்பெனி பெல்ஜியத்தில் ரயில் பாதை போடப் பணம் கட்ட ஒப்பந்தம் செய்தது, அது செல்லாது என்றார்கள். பங்குதாரர் அத்தனை பேரும் சரி என்றாலும் செல்லாது. விளைவு என்ன? வக்கீல்கள் நோக்கங்களைப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள். ஊறுகாய்க் கம்பெனியின் மெமோரண்டத்தில் கப்பல் ஓட்டும் அதிகாரமும் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படிப்பட்ட நோக்கப் பட்டியல்களைத் தட்டச்சு செய்வதிலேயே பொழுது போகும்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. யுனைடெட் இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1955-ல் ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தது. பங்குதாரர் கூட்டம் தீர்மானம் போட்டுத்தான் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. எல்.ஐ.சி. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நன்கொடை கம்பெனியின் நோக்கங்களுக்குள் வராது, ஆகவே செல்லாது, இயக்குநர்கள் பொறுப்பு என்று தீர்ப்பானது. 1963-ன் தீர்ப்புத் திரட்டுகளில் அது வெளிவந்தது. இன்றைக்கும் நம் பாடப்புத்தகங்களில் அல்ட்ரா வைரீஸ் என்றால் அந்த வழக்குதான்.

அதே 1963-ல் கானாவின் புதிய கம்பெனிகள் சட்டம், ஆக்ட் 179, நிறைவேறியது. கோவர் எழுதியது. அதன்படி கம்பெனிக்கு முழு வயது வந்த ஒரு மனிதனுக்குள்ள எல்லாச் சக்தியும் உண்டு. எழுதிவைத்த தொழிலைத் தாண்டிப் போனால், உறுப்பினர் நீதிமன்றம் போய்த் தடுத்து நிறுத்தலாம். ஆனால் நடந்து முடிந்த ஒரு செயல் அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாததாகிவிடாது. வெளியிலிருந்து வந்து கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தவன் அதன் ஆவணங்களை எல்லாம் படித்திருப்பான் என்று சட்டம் பாவித்துக்கொள்ளும் பழைய விதியையும் கோவர் எடுத்துவிட்டார். எவ்வளவு நியாயமான தீர்வு! உள்ளே இருப்பவர்களின் சண்டை உள்ளேயே, வெளியாள் பாதிக்கப்பட வேண்டியதில்லை. ஆஷ்பரி தீர்ப்பு வந்து 88 ஆண்டுகள் கழித்து ஒருவர் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார், அதுவும் ஒரு சட்டத்தின் வரிகளாக.

இரண்டாவது, மெமோரண்டம் ஒன்று, ஆர்ட்டிகிள்ஸ் ஒன்று என்று இரண்டு ஆவணங்கள் எதற்கு என்று கேட்டார். ஒரே ஆவணம் போதும் என்றார். கம்பெனி தொடங்க ஒருவர் போதும் என்றும் எழுதினார். இங்கிலாந்தில் ஒருவரே தனியார் கம்பெனி தொடங்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் 2007. இந்தியாவில் 2013. அதுவரை நம் ஊரில் மனைவி பெயரிலோ மைத்துனன் பெயரிலோ ஒரு பங்கு எழுதிவைத்து இரண்டாவது ஆளைக் காட்டாத சிறு தொழில்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

மூன்றாவது, முகமதிப்பு. பங்கின் மேல் 10 ரூபாய் என்று எழுதியிருக்கும், சந்தையில் அது 2,000 ரூபாய்க்குப் போகும். அந்தப் பத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நேர்மையான பதில், பங்கு வெளியான நாளுக்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான். ஆனால் புதிதாக முதலீடு செய்கிறவருக்கு அது தவறான எண்ணத்தைக் கொடுக்கிறது, கணக்கில் பிரீமியம் என்று தனிப் பொட்டலம் கட்ட வைக்கிறது, நொடிந்த கம்பெனி முகமதிப்புக்குக் கீழே பங்கு விற்க முடியாமல் தவிக்கிறது. கோவர் கானாவில் முகமதிப்பையே எடுத்துவிட்டார்.

சிங்கப்பூர் 2006-ல் எடுத்தது, இலங்கை 2007-ல், மலேசியா 2017-ல். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்களுக்கு முகமதிப்பு பழைய கதை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1954-ல் கெட்ஜ் குழு முகமதிப்பில்லாத பங்குகளை அனுமதிக்கலாம் என்றது. 1962-ல் ஜென்கின்ஸ் குழுவும் சொன்னது. நடக்கவில்லை.

அந்த ஜென்கின்ஸ் குழுவிலும் கோவர் உறுப்பினர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே மனிதர், இரண்டு மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் பலர் நடுவில் ஒருவராக, ஒவ்வொரு வரிக்கும் சமரசம் செய்துகொண்டு. அக்ராவுக்காகத் தனி ஒருவராக, தான் சரியென்று நினைப்பதை முழுதாக எழுதிக்கொண்டு. ஜென்கின்ஸ் குழுவின் பரிந்துரைகளில் ஒரு பகுதி 1967 சட்டத்தில் வந்தது, மீதி தாளில் தங்கியது. அல்ட்ரா வைரீஸ் இங்கிலாந்தில் தளர ஆரம்பித்தது ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதற்காக 1972-ல் சட்டம் போட்ட பிறகுதான். இயக்குநர்களின் கடமைகளை ஒழுங்காக ஒரே இடத்தில் எழுதியது 2006-ல். கானா சட்டத்தில் அவை 1963-லேயே எழுத்தில் இருந்தன. சொந்த ஊரில் கேட்காத பேச்சு அங்கே சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்தைவிடவும் எனக்குப் பிடித்தது 1961-ல் அவர் கொடுத்த இறுதி அறிக்கை. வரைவுச் சட்டத்தின் பிரிவுகளுக்குக் கீழே விளக்கம் எழுதியிருக்கிறார். இந்தப் பிரிவு எங்கிருந்து வருகிறது, பழைய விதியில் என்ன கோளாறு, ஏன் இப்படி மாற்றினேன், எங்கே சந்தேகம் வரலாம். கானாவின் வக்கீல்களும் நீதிபதிகளும் அந்த விளக்கங்களை அரை நூற்றாண்டாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாடம் நடத்திப் பழகியவரால்தான் இப்படி எழுத முடியும். மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரிந்தவருக்கு, சட்டத்தைப் படிக்கிற வியாபாரி எங்கே விழுவான் என்றும் தெரியும். செக்‌ஷனைப் படித்துக் காட்டுவதுதானே என்று கேட்ட அண்ணன் மகளிடம் நான் முதலில் சொன்னதும் இந்த அறிக்கையைப் பற்றித்தான்.

வெள்ளைக்காரர் ஒருவர் வந்து ஆப்பிரிக்க நாட்டுக்குச் சட்டம் எழுதுவது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. சந்தையில் துணி விற்கும் பெண்ணுக்கும் கோகோ விவசாயிக்கும் கம்பெனிச் சட்டம் எவ்வளவு எட்டும்? கோவருக்கும் இது தெரிந்திருந்தது. கம்பெனி அளவுக்குப் போகாத சிறு தொழில்களுக்கென்று கூட்டு வியாபாரத்தைப் பதிவு செய்து, அதற்கே தனிச் சட்ட ஆளுமை கொடுக்கும் இன்னொரு சட்டம் 1962-ல் கானாவில் வந்தது, ஆக்ட் 152. இந்தியாவில் கூட்டாளிகளின் வியாபாரத்துக்குத் தனி ஆளுமை கிடைத்தது 2008-ல், எல்.எல்.பி. சட்டத்தில். பிறகு ஒன்று: 1966-ல் நிக்ருமா கவிழ்க்கப்பட்டார், அதற்கடுத்தும் பல ராணுவப் புரட்சிகள். அரசியல் சாசனங்கள் வந்தன, போயின. கம்பெனிகள் சட்டம் 2019 வரை நின்றது. அந்த மண்ணில் வேலை செய்யாத சட்டம் 56 ஆண்டுகள் நிற்காது என்பது என் கருத்து. நைஜீரியாவின் 1990 கம்பெனிச் சட்டத்திலும் அதன் சாயல் தெரியும்.

1962-ல் எல்.எஸ்.இ. வேலையை விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கிய லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டத் துறைத் தலைவராகப் போனார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது, லண்டனில் நிலையான பதவி, பேர் சொல்லும் புத்தகம். அதை விட்டு, கட்டடமே முழுசாக இல்லாத இடத்துக்குப் போகிறார். அந்த நாளில் நைஜீரிய இளைஞர்கள் லண்டன் போய் பாரிஸ்டராகித் திரும்புவார்கள், நம்மவர்களும் சிலோன்காரர்களும் அதற்கு முன்னால் செய்ததைப் போலவே. இங்கிலாந்து நிலச் சட்டத்தைப் படித்துவிட்டு வருவார்கள். ஊர் வழக்கச் சட்டம் தெரியாது, கட்சிக்காரருக்குப் பத்திரம் எழுதும் பயிற்சி கிடையாது. அங்கேயோ ஒரே வக்கீல்தான் வாதாடவும் வேண்டும், பத்திரமும் எழுத வேண்டும். உள்ளூரிலேயே, உள்ளூர்த் தேவைக்குச் சட்டக் கல்வி வேண்டும் என்று கோவர் வாதாடினார். 1967-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1950-ல் தன் நாட்டுக்காரர்களைக் கண்டித்த அதே குரல்.

லாகோஸ் நல்லபடி முடியவில்லை. 1965-ல் துணைவேந்தர் எனி நியோக்குவுக்குப் பதவி நீட்டிப்பு தராமல் வேறொருவரைப் போட்டதில் பல்கலைக்கழகம் கொந்தளித்தது. இனப் பிரிவினையும் அரசியலும் புகுந்த சண்டை. ஆசிரியர்கள் பலர் விலகினார்கள். கோவரும் அந்த ஆண்டே லண்டன் திரும்பினார்.

திரும்பியவரை இங்கிலாந்தின் புதிய சட்ட ஆணையம் எடுத்துக்கொண்டது. ஸ்கார்மன் தலைமையில் முதல் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர். 1971 வரை அங்கே. பிறகு 1979 வரை சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

ஓய்வு பெற்றபின் ஒரு வேலை வந்தது. 1981-ல் நார்ட்டன் வார்பர்க் என்ற முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. பிங்க் ஃபிளாய்ட் இசைக் குழுவின் பணம் அதில் போனது என்பதால் செய்தி பரவியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் வேலை இழந்தவர்கள் கையில் கிடைத்த தொகையைப் போட்டுவைத்திருந்ததுதான் எனக்கு வேதனையாகப் படுகிறது. முதலீட்டாளரைக் காக்க இருந்த 1958 சட்டம் இந்த மாதிரி ஆட்களைத் தொடவேயில்லை. அரசு கோவரை அழைத்து முழுவதையும் ஆராயச் சொன்னது. அப்போது அவருக்கு 67 வயது. 1982-ல் விவாத அறிக்கை, 1984-ல் முதல் பகுதி, அதிலிருந்து 1986-ன் நிதிச் சேவைகள் சட்டம். மறுபடியும் ஒரு நபர் ஆய்வுதான்! விவரம் தெரிந்த மனிதரும் ஏமாறாத அளவுக்குக் காவல் போதும், அதற்கு மேல் கெடுபிடி வேண்டாம் என்பது அவர் பிடித்துக்கொண்ட அளவுகோல். சட்டம் வந்தபின் விதிப்புத்தகங்கள் பருத்துப்போய், 2000-ல் வேறு சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆனால் முதலீட்டுத் தொழில் செய்ய அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 90-களில் நிதி நிறுவனங்களில் சேமிப்பைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 1997-ல் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான். அந்த நினைவோடு படித்தால் கோவர் அறிக்கை வெளிநாட்டு விவகாரமாகத் தோன்றாது.

இன்றைக்கு ஒரு பேராசிரியரை எடைபோட உட்கார்ந்தால் எத்தனை ஆய்வுக் கட்டுரை, எந்த இதழில் என்றுதான் எண்ணுகிறார்கள். கட்டுரைகள் வேண்டும், கோவரும் எழுதினார். ஆனால் பதவி உயர்வுக்கான படிவத்தில் பிரிவு பிரிவாக விளக்கம் எழுதிய ஒரு நாட்டுச் சட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்? முப்பது வருஷத்துக்கும் மேலாகத் திருத்தித் திருத்தி வெளியிட்ட பாடநூலுக்கு? நம் சட்டக் கல்லூரிகளில் கம்பெனிச் சட்டம் எடுப்பவர்கள், தங்கள் வகுப்பில் ஒரு பிரிவையாவது மாணவர்களையே எழுத வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எழுதிவிட்டு, ஏன் அப்படி எழுதினேன் என்று கீழே அரைப் பக்கம். மூன்று மணி நேரத் தேர்வில் கொட்டுவதைவிட அதில் சட்டம் தெரியவரும்.

நூலின் ஐந்தாம் பதிப்பை 1992-ல் தன் 78-ஆம் வயதில் வெளியிட்டார். ஆறாம் பதிப்பை 1997-ல் பால் டேவிஸ் கொண்டுவந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கோவர் காலமானார். புத்தகம் வேறு கைகளில் தொடர்கிறது. இப்போது அவர் பெயர் தலைப்பிலேயே சேர்ந்துவிட்டது.

முகமதிப்பைப் பற்றித் தனியாக எழுதப் பார்க்கிறேன், இந்தியாவின் 2013 சட்டம் அதை ஏன் விடாமல் வைத்துக்கொண்டது என்பது நீண்ட விஷயம். இலங்கையில் 2007-க்குப் பிறகு பழைய பங்கு மூலதனக் கணக்கைப் புதிய முறைக்கு மாற்றிய செயலாளர்கள், கணக்காளர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நாட்களில் நடந்ததை எழுதி அனுப்புங்கள்.